ஏதென்ஸில் அலெக்சேய் நேமோவுக்கு நடந்தது என்ன? அவருடைய போட்டி வாழ்க்கையை எதைக் கொண்டு அளப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் ஹை பார் (உயரக் கம்பி) இறுதிப் போட்டியில் ரஷ்ய ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் அலெக்சேய் நேமோவுக்காக அரங்கமே எழுந்து கூச்சலிடும் காணொளியைப் பார்த்திருக்கிறீர்கள். அவருக்குச் சேர வேண்டிய தங்கத்தை நடுவர்கள் பறித்துவிட்டார்களா என்றும், அந்த ஒரு நாளைத் தவிர அவர் பெரிதாக என்ன சாதித்தார் என்றும் கேட்கிறீர்கள். இவை இரண்டு கேள்விகளாகத் தெரிந்தாலும் ஒன்றுக்கான விடை மற்றொன்றுக்குள்தான் இருக்கிறது. நான் பல ஆண்டுகள் பயிற்றுநராகவும் சிறிய போட்டிகளில் நடுவராகவும் இருந்தவன். ஒலிம்பிக் நடுவர் மேசையில் ஒருநாளும் அமர்ந்ததில்லை. ஆனால் பத்து மதிப்பெண் முறையில் ஒரு பயிற்சிக்கு மதிப்பெண் எழுதும்போது கை எங்கே தயங்கும் என்பதை அனுபவத்தில் அறிவேன். அந்த அனுபவத்தை வைத்தே எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவதே முறை, ஏனென்றால் ஏதென்ஸுக்கு வந்தபோது அவர் யார் என்று தெரியாமல் அந்தக் கூச்சலைப் புரிந்துகொள்ள முடியாது. நேமோவ் 1976 மே 28 அன்று மொர்தோவியாவின் பராஷேவோ என்ற ஊரில் பிறந்தவர். வளர்ந்ததும் பயிற்சி பெற்றதும் வோல்கா நதிக்கரையில் உள்ள, லாடா கார்கள் தயாராகும் தொல்யாத்தி நகரில். அவர் சிறுவனாகப் பயிற்சியைத் தொடங்கியபோது சோவியத் யூனியன் இருந்தது. இளைஞனாகத் தேசிய அணிக்கு வந்தபோது அது இல்லை. 1992 பார்சிலோனாவில் முன்னாள் சோவியத் நாடுகளின் ஒருங்கிணைந்த அணிக்காக ஆடி ஆறு தங்கம் வென்ற வித்தாலி ஷெர்போ அதன் பிறகு பெலாரூஸ் வீரரானார். உக்ரைன் வீரர்கள் தங்கள் கொடியின் கீழ் சென்றார்கள். சோவியத் அணியை நடத்திய தலைமைப் பயிற்றுநர் லியோனித் அர்காயேவ் ரஷ்ய அணிக்குப் பொறுப்பேற்றார். ஒரே பள்ளியில் வளர்ந்தவர்கள் மூன்று நான்கு நாடுகளாகப் பிரிந்து ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற காலம் அது. அந்தப் பள்ளியின் கடைசித் தலைமுறை மாணவர்களில் ஒருவர் நேமோவ்.

1996 அட்லாண்டாவில் அவருக்கு வயது 20. ரஷ்ய ஆண்கள் அணி சீனாவை இரண்டாம் இடத்துக்கும் உக்ரைனை மூன்றாம் இடத்துக்கும் தள்ளி அணித் தங்கம் வென்றது. அதன் பிறகு தனிநபர் ஒட்டுமொத்தப் போட்டி. ஆறு கருவிகளிலும் ஆடி, அத்தனை மதிப்பெண்களையும் கூட்டிப் பார்க்கும் இந்தப் போட்டியைத்தான் எங்கள் துறையில் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறோம். அதில் சீனாவின் லீ ஷியாவோஷுவாங் 58.423 பெற்றார், நேமோவ் 58.374 பெற்றார், ஷெர்போ மூன்றாமவரானார். முதல் இருவருக்கும் இடையே 0.049. நேமோவின் கடைசிக் கருவி தரைப் பயிற்சி. அதில் வழக்கமான தரத்தில் ஆடியிருந்தால் தங்கம் அவருடையது. ஆறு கருவிகளிலும் அவர் இறக்கிய மொத்த உழைப்பில், ஒரே ஒரு தரையிறங்கலில் பாதம் நகரும் அளவுக்கும் குறைவான வித்தியாசம் அது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது திரும்பவும் வரும்.

அட்லாண்டாவில் அவர், ஓடிவந்து கருவியில் கை ஊன்றித் தாவும் வால்ட்டில் தங்கம் வென்றார். தரைப் பயிற்சி, பாமெல் ஹார்ஸ், ஹை பார் ஆகிய மூன்றிலும் வெண்கலம் வென்றார். ஹை பாரில் ஷெர்போ, சீனாவின் ஃபான் பின், நேமோவ் என மூன்று பேர் சம மதிப்பெண்ணுடன் வெண்கலத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆக மொத்தம் ஆறு பதக்கங்கள். அந்த ஒலிம்பிக்கில் எந்த விளையாட்டிலும் வேறு யாரும் அத்தனை வெல்லவில்லை.

அட்லாண்டாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா வீரர்களும் ஒரே மாதிரியான பயிற்சியைச் செய்து காட்ட வேண்டிய கட்டாயப் பயிற்சிகள் என்ற பகுதி ஒலிம்பிக்கில் இருந்தது அந்த முறையே கடைசி. அடுத்த ஒலிம்பிக்கிலிருந்து அது நீக்கப்பட்டது. பார்வையாளருக்குக் கட்டாயப் பயிற்சி சலிப்பூட்டும். ஆனால் அதற்காக ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்த உடலுக்கும் அப்படி எடுக்காத உடலுக்கும் உள்ள வித்தியாசம் பயிற்றுநரின் கண்ணுக்கு உடனே தெரியும். கைகளை நீட்டி, தோளைத் திறந்து, கால்விரல் நுனிவரை கோடாக நிற்கும் ஒழுங்கு நேமோவிடம் கடைசிவரை இருந்தது. கடினமான அசைவுக்கு முன்பும் பின்பும் வரும் சாதாரண ஊசலைக்கூட அவர் அவசரப்படாமல் முழுதாகச் செய்வார். அவரை மக்கள் விரும்பியதற்கு அவர் முகத்தைக் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு அந்த ஊசல்தான் காரணமாகத் தெரிகிறது.

உலகப் போட்டிகளில் அவர் வென்றவை ஐந்து தங்கங்கள்: 1995இலும் 1996இலும் வால்ட், 1997இல் தரைப் பயிற்சி, 1999இல் தரைப் பயிற்சியும் பாமெல் ஹார்ஸும். இந்த வரிசையை உற்றுப் பாருங்கள். வால்ட்டும் தரைப் பயிற்சியும் கால்களின் வெடிப்பு வலிமையைக் கேட்பவை. பாமெல் ஹார்ஸோ கால்களை முற்றிலும் ஓய்வில் விட்டு, இரண்டு கைகளால் மட்டும் உடலைச் சுழலச் செய்யும் கருவி. கால் வலிமையில் சிறந்தவர்கள் பெரும்பாலும் பாமெல் ஹார்ஸில்தான் தடுக்கி விழுவார்கள். நான் பயிற்சி அளித்த பிள்ளைகளிலும் இரண்டும் சமமாக வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரே ஆண்டில், ஒரே உலகப் போட்டியில் இந்த இரண்டு கருவிகளிலும் முதலிடம் பெற்றது எத்தகைய செயல் என்பது இந்தக் கருவிகளில் கை வைத்தவர்களுக்குத் தெரியும். உலகப் போட்டியின் ஒட்டுமொத்தத் தங்கம் மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை. அந்தக் காலத்தில் அது பெலாரூஸின் இவான் இவான்கோவுக்கும் லீ ஷியாவோஷுவாங்குக்கும் ரஷ்யாவின் நிக்கோலாய் க்ருகோவுக்கும் போனது.

பிறகு 2000 சிட்னி. 24 வயது நேமோவ் 58.474 பெற்று ஒட்டுமொத்தத் தங்கம் வென்றார். சீனாவின் யாங் வெய் 58.361, உக்ரைனின் அலெக்சாண்டர் பெரேஷ் 58.212. வித்தியாசம் 0.113 என்பது அந்த முறையில் தெளிவான வெற்றி. நான்கு ஆண்டுகளுக்கு முன் 0.049இல் நழுவியது இம்முறை கைக்கு வந்தது. (அன்று வெண்கல மேடையில் நின்ற பெரேஷ் 2004 தொடக்கத்தில் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். சிட்னியின் பதிவுகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நினைவு மனத்தை அழுத்துகிறது.) சிட்னியில் நேமோவ் தரைப் பயிற்சியில் வெள்ளியும், பாமெல் ஹார்ஸிலும், இரண்டு இணைக் கம்பிகளில் ஆடும் பேரலல் பாரிலும் வெண்கலமும், அணியுடன் ஒரு வெண்கலமும் வென்றார். ஹை பாரில் தங்கம். மீண்டும் ஆறு பதக்கங்கள், மீண்டும் அந்த ஒலிம்பிக்கின் அதிகப் பதக்கக்காரர்.

உங்கள் கேள்விக்கு மிகவும் பொருந்துவது இந்த ஹை பார் தங்கம்தான். நேமோவும் பிரான்சின் பெஞ்சமின் வரோனியானும் 9.787 என்ற ஒரே மதிப்பெண்ணைப் பெற்றார்கள். சமநிலையை முறிக்கும் விதியின்படி தங்கம் நேமோவுக்குப் போனது. ஏதென்ஸ் காணொளியைப் பார்த்துக் கொதிக்கும் பலருக்கு, அதற்கு முந்தைய ஒலிம்பிக்கில் அதே கருவியில் ஒரு மயிரிழை அவர் பக்கம் சாய்ந்தது தெரியாது. அவர் அந்தத் தங்கத்துக்குத் தகுதியற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை, விதிப்படி வென்றார். ஆனால் அவருடைய போட்டி வாழ்க்கை முழுவதும் ஆயிரத்தில் சில பங்குகளுக்குள் நடந்தது. 1996இல் அந்தப் பங்குகள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டன, 2000இல் கொடுத்தன, 2004இல் மீண்டும் எடுத்துக்கொண்டன.

இனி ஏதென்ஸ். முதலில் உறுதியானவற்றைச் சொல்கிறேன். 2004 ஆகஸ்ட் 23 அன்று ஹை பார் இறுதிப் போட்டி நடந்தது. 28 வயது நேமோவ் கம்பியை விட்டுப் பறந்து மீண்டும் பிடிக்கும் அசைவுகள் ஆறைத் தம் பயிற்சியில் வைத்திருந்தார். அவற்றில் நான்கு தக்காச்சேவ் வகையைச் சேர்ந்தவை, அடுத்தடுத்து வந்தவை. தக்காச்சேவ் என்பது சோவியத் வீரர் ஒருவரின் பெயரால் வழங்கும் அசைவு. முன்னோக்கி வீசி எழும் உடல் கம்பியை விட்டு, எதிர்த் திசையில் கம்பிக்கு மேலாகப் பின்புறமாகப் பறந்து, மீண்டும் கம்பியைப் பற்ற வேண்டும். பற்றும் கணத்தில் கம்பி எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணை நம்பி முடிவு செய்ய நேரம் இருக்காது. ஒன்றைச் செய்து முடித்த வேகத்திலேயே அடுத்ததற்கான வீச்சைத் தொடங்க வேண்டும் என்பதால், முதலாவதில் நேர்ந்த சிறு பிசகு நான்காவதில் பெரிதாகிவிடும். நேமோவிடம் அப்படி எதுவும் பெரிதாகவில்லை. ஆனால் தரையிறங்கும்போது பாதம் நகர்ந்தது.

மின்பலகையில் 9.725 வந்தது. அரங்கம் கூச்சலிடத் தொடங்கியது, ரஷ்யர்கள் மட்டுமல்லாமல் எல்லா நாட்டவரும் எழுந்து நின்றார்கள். அடுத்து ஆட வேண்டிய அமெரிக்காவின் பால் ஹாம் கம்பிக்குக் கீழே காத்து நின்றார். பல நிமிடங்கள் போட்டி நகரவில்லை. மலேசியாவையும் கனடாவையும் சேர்ந்த இரு நடுவர்கள் தங்கள் மதிப்பெண்களை உயர்த்தினார்கள், மொத்தம் 9.762 ஆனது. அப்போதும் கூச்சல் அடங்கவில்லை. கடைசியில் நேமோவே மேடைக்கு எழுந்துபோய், கூட்டத்துக்கு நன்றி தெரிவித்து, அமைதியாக இருக்கும்படி கையால் சைகை காட்டினார். அதன் பிறகே ஹாமால் கம்பியைத் தொட முடிந்தது. இறுதியில் இத்தாலியின் இகோர் கசீனாவும் ஹாமும் 9.812 பெற்றார்கள், சமநிலை விதிப்படி தங்கம் கசீனாவுக்கு. ஜப்பானின் இசாவோ யோனேடாவும், பாலின் இரட்டைச் சகோதரர் மார்கன் ஹாமும் 9.787 பெற்றார்கள், வெண்கலம் யோனேடாவுக்கு. நேமோவ் ஐந்தாமவர். அந்த ஒலிம்பிக்கில் அவருக்குப் பதக்கம் எதுவும் இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். அப்போதைய முறையில் ஆறு நடுவர்கள் எழுதும் மதிப்பெண்களில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு, நடுவில் உள்ள நான்கின் சராசரியை எடுப்பார்கள். இதனால்தான் இரு நடுவர்கள் மாற்றி எழுதியும் மொத்தம் 0.037 மட்டுமே உயர்ந்தது. ஒரு நடுவர் எவ்வளவு கஞ்சத்தனமாக எழுதினாலும் அது முழுதாகப் பலிக்காது. யாரோ ஒருவர் திட்டமிட்டு அவரைக் கவிழ்த்தார் என்ற கதையை நான் ஏற்காததற்கு இது ஒரு காரணம். மறுபக்கம், முதலிடம் பெற்றவர்களுக்கும் நேமோவுக்கும் கடைசியில் இருந்த இடைவெளி 0.05. கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட நான்கு நடுவர்களும் தலா 0.05 கூடுதலாக எழுதியிருந்தால் அவர் 9.812இல் அவர்களோடு சமமாக நின்றிருப்பார். பாதம் சற்று நகர்ந்ததற்கே 0.1 கழிப்பது எங்கள் வழக்கம். அதில் பாதிதான் இது. தரையிறங்கல் அசையாமல் இருந்திருந்தால் இந்த விவாதமே எழுந்திருக்காது என்பது என் கருத்து.

தங்கம் பறிக்கப்பட்டதா என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் மதிப்பெண்ணான 9.725 குறைவு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நடுவர்களே அதைத் திருத்தியது அதற்கு ஒப்புதல். ஆனால் கூட்டம் கத்தியதால் மதிப்பெண்ணை மாற்றியது, குறைவாக எழுதியதைவிடப் பெரிய பிழை. மதிப்பெண் தவறு என்றால் முறையீட்டின் வழியாகத் திருத்த வேண்டும். தவறில்லை என்றால் அரங்கம் இடிந்து விழுந்தாலும் அதில் நிற்க வேண்டும். அவர் மூவரில் ஒருவராக நின்றிருக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றே என் கண் சொல்கிறது. தங்கமே அவருடையதா என்று கேட்டால் அவ்வளவு உறுதியாக நான் சொல்ல மாட்டேன். கசீனா அன்று ஆடியது எளிதான பயிற்சி அல்ல. உடலை நேராக நீட்டி, இரட்டைக் குட்டிக்கரணத்தில் ஒரு முழு முறுக்கையும் சேர்த்துக் கம்பிக்கு மேல் பறந்து பிடிக்கும் அசைவு அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒருவர் எண்ணிக்கையால் மலைக்கவைத்தார், மற்றவர் ஒற்றை அசைவின் கடினத்தால். இந்த இரண்டையும் ஒரே பத்துக்குள் அடக்கி ஒப்பிடும்படி நடுவர்களைக் கேட்டது அந்த முறை.

காணொளியை நம்பித் தீர்ப்புச் சொல்வதில் ஓர் எல்லை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நடுவர்கள் கம்பியின் பக்கவாட்டிலும் மூலைகளிலும் அமர்ந்து பார்க்கிறார்கள், தொலைக்காட்சிக் கேமராவோ தூரத்திலிருந்தும் மேலிருந்தும் காட்டுகிறது. கம்பிக்கு மேல் கைகள் செங்குத்தாக வர வேண்டிய இடத்தில் எத்தனை பாகை விலகின, பறக்கும்போது முழங்கால் எவ்வளவு மடங்கியது, பிடித்த கணத்தில் முழங்கை வளைந்ததா என்பவை எல்லாம் பார்க்கும் கோணத்தைப் பொறுத்து மாறும். சிறிய போட்டிகளில் நான் எழுதிய மதிப்பெண்களையே பிறகு வேறு கோணத்தில் எடுத்த பதிவில் பார்த்து, ஓர் இடத்தில் கூடுதலாகக் கழித்துவிட்டேனே என்று வருந்தியிருக்கிறேன். ஆகவே நான் மேலே சொன்னதில் கணக்கு உறுதியானது, மூவரில் ஒருவர் என்ற மதிப்பீடு என் பயிற்சி பெற்ற கண்ணின் கருத்து. இரண்டையும் ஒரே எடையில் வைக்க வேண்டாம்.

அன்றைய கொதிப்புக்கு நேமோவின் மதிப்பெண் மட்டும் காரணமில்லை. அதற்கு ஐந்து நாள் முன்பு, ஆகஸ்ட் 18 அன்று, ஆண்கள் ஒட்டுமொத்தப் போட்டியில் தென்கொரியாவின் யாங் டே-யங்கின் பேரலல் பார் பயிற்சிக்கு உரிய தொடக்க மதிப்பெண்ணை, அதாவது பிழைகளுக்குக் கழிக்கத் தொடங்கும் உச்ச மதிப்பெண்ணை, நடுவர்கள் 0.1 குறைத்துப் போட்டுவிட்டார்கள். அவருக்கு வெண்கலம் கிடைத்தது, தங்கம் பால் ஹாமுக்குப் போனது. அந்த 0.1 சேர்ந்திருந்தால் யாங் முதலிடத்தில் நின்றிருப்பார். பிழையை உலக ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு ஒப்புக்கொண்டு மூன்று நடுவர்களை இடைநீக்கம் செய்தது, முடிவு மட்டும் மாறவில்லை. இந்த நினைவு ஆறாத அரங்கில்தான் நேமோவ் கம்பியைத் தொட்டார். அடுத்து காத்து நின்றவரும் அதே ஹாம் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். கூட்டத்தின் கோபத்துக்கு ஒரு வாரத்துக் கணக்கு இருந்தது. ஹாம் மீது எந்தக் குற்றமும் இல்லை. அத்தனை இரைச்சலுக்குப் பிறகு கம்பியேறி 9.812 பெற்ற அவருடைய மனவலிமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இவ்விரு நிகழ்வுகளும் பத்து மதிப்பெண் முறைக்கு முடிவு கட்டின. 2006இலிருந்து பயிற்சியின் கடினத்துக்கு உச்சவரம்பில்லாத ஒரு மதிப்பெண்ணும், செயல்நேர்த்திக்குப் பத்திலிருந்து கழித்து இன்னொரு மதிப்பெண்ணும் தந்து இரண்டையும் கூட்டுகிறார்கள். இன்றைய முறையில் நேமோவ் என்ன பெற்றிருப்பார் என்று நீங்கள் அடுத்துக் கேட்கலாம். பழைய பயிற்சியைப் புதிய விதியில் போட்டு எண்ணிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விதி வேறாக இருந்திருந்தால் அவர் பயிற்சியையே வேறாக அமைத்திருப்பார். கடினத்தைத் தனியாகக் காட்டும் முறையில், அவர் எதற்காக எவ்வளவு இழந்தார் என்பதையாவது அந்தக் கூட்டம் பலகையில் பார்த்திருக்கும்.

மொத்தக் கணக்கு இது: இரண்டு ஒலிம்பிக்கில் நான்கு தங்கம், இரண்டு வெள்ளி, ஆறு வெண்கலம், ஆகப் பன்னிரண்டு பதக்கங்கள். ஆறு கருவிகளில் ரிங்ஸ் (தொங்கும் வளையங்கள்) ஒன்றைத் தவிர மற்ற ஐந்திலும் அவருக்கு ஒலிம்பிக் பதக்கம் உண்டு. சோவியத் காலத்து நிக்கோலாய் அந்திரியானோவ் பதினைந்தும் போரிஸ் ஷாக்லின் பதின்மூன்றும் வென்றவர்கள் என்பதால் எண்ணிக்கையில் நேமோவ் முதல்வர் அல்லர். ஆனால் அவர்கள் ஒன்றுபட்ட ஒரு பெரும் நாட்டின் அணியில் ஆடினார்கள். நேமோவோ அந்த நாடு பிரிந்த பிறகு, அதன் மற்ற பகுதிகளிலிருந்து வந்த சமபலமுள்ள வீரர்களை எதிர்த்து வென்றார். சிட்னிக்குப் பிறகு எந்த ரஷ்ய ஆண் வீரரும் ஒலிம்பிக் ஒட்டுமொத்தத் தங்கம் வென்றதில்லை. அட்லாண்டாவில் அவர் பங்கெடுத்து வென்ற அணித் தங்கம் மீண்டும் ரஷ்யர்களிடம் வர 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்வரை ஆனது. அங்கே நாகோர்னி, தாலலோயன், பெல்யாவ்ஸ்கி, அப்லியாசின் ஆகிய நால்வர் ஜப்பானை 0.103 வித்தியாசத்தில் முந்தினார்கள்.

நேரம் கிடைத்தால் ஏதென்ஸ் பதிவைத் தள்ளிவைத்துவிட்டு, சிட்னியின் ஒட்டுமொத்தப் போட்டியை ஆறு கருவிகளும் வரும்படி முழுதாகப் பாருங்கள். பாமெல் ஹார்ஸில் அவருடைய இடுப்பு எவ்வளவு உயரத்தில் சுழல்கிறது என்பதையும், தரைப் பயிற்சியில் ஒரு மூலையிலிருந்து ஓடத் தொடங்கும் முன் அவர் எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு மூச்சையும் கவனியுங்கள்.